பெட்டியில் 6.25, உள்ளே 2.5

எங்க டிபார்ட்மென்ட் சர்வர் ரூம் அலமாரியில் ரெண்டு டேப் கார்ட்ரிட்ஜ் இருக்கு. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு, அந்தக் கால கேசட்டைக் குண்டாக்கின மாதிரி. அது வந்த பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் '6.25 டெராபைட்'னு போட்டிருக்கும். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்தைத் தேடி பெட்டியைத் திருப்பினா, கண்ணாடி போட்டவங்களும் குனிஞ்சுதான் படிக்கணும்ங்கிற சைஸில் ஒரு வரி. 2.5க்கு 1 என்ற அளவில் டேட்டா சுருங்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இதுன்னு அதில் இருக்கும். சுருங்கலைன்னா? 2.5 டெராபைட்தான். அவ்வளவுதான் அந்த நாடாவில் உண்மையா இருக்கிற இடம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கம்ப்ரெஷன் சேர்த்த எண்ணைப் பெட்டியின் முகப்பில் போடுறது தப்பு. அந்த எண்ணை நம்பி பேக்கப் கணக்கு போடுறது அதைவிடப் பெரிய தப்பு. முதல் தப்பைப் பண்ணினது டேப் இண்டஸ்ட்ரி. ரெண்டாவது தப்பைப் பண்ணின ஆட்களில் ஒருத்தன் நான்.

நடந்தது இதுதான். 2025 செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை. தென்கொரியாவில் டேஜோன் நகரத்தில் இருக்கிற அரசாங்க டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரியில் தீப்பிடிச்சுது. அதைப் பத்திப் பின்னாடி விரிவா சொல்றேன். அந்த நியூஸை வாட்ஸப்பில் பார்த்த எங்க எச்.ஓ.டி. திங்கள்கிழமை காலையிலேயே லேப் இன்சார்ஜைக் கூப்பிட்டு, "நம்ம சர்வருக்கு பேக்கப் இருக்கா?"ன்னு கேட்டார். பதில், வழக்கம்போல, "எடுத்துடலாம் சார்."

சர்வரில் மொத்தம் 11 டெராபைட். கொரோனா காலத்தில் ஆரம்பிச்ச லெக்சர் ரெக்கார்டிங், ஆறு பேட்ச் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், எம்.இ. ஸ்காலர்களோட டேட்டாசெட். அலமாரியில் பிரிக்காத டேப் ரெண்டு. ரெண்டு தடவை 6.25, மொத்தம் 12.5. பதினொண்ணு அதுக்குள்ள தாராளமா அடங்கும். இந்தக் கணக்கைப் போட்டது நானும் என் கிளாஸ்மேட்டும். சர்வர் ரூம் வாலன்டியர்னு எங்களுக்கு ஒரு ஐ.டி. கார்டு கூட உண்டு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு முதல் டேப்பைப் போட்டு ஜாபை ஓட விட்டோம். மறுநாள் ஆயுத பூஜை. காலை 9 மணிக்கு சர்வர் ராக்குக்குச் சந்தனம், குங்குமம் வைக்க வந்தப்போ ஸ்கிரீனில் 'அடுத்த டேப்பைப் போடவும்'னு நின்னுது. "அட, ராத்திரியிலேயே முடிஞ்சிருச்சே"ன்னு சந்தோஷமா ரெண்டாவது டேப்பைப் போட்டேன். பொரி, கடலை வாங்கிட்டு ஊருக்கு பஸ் ஏறிட்டேன்.

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் இன்னிக்கும் நினைச்சுப் பார்க்கிறேன். எங்க லேப் நெட்வொர்க் ஒரு கிகாபிட். நடைமுறையில் விநாடிக்கு 100 மெகாபைட் கிடைச்சா பெரிய விஷயம். அந்த வேகத்தில் 6.25 டெராபைட் போய்ச் சேர 17 மணி நேரத்துக்கு மேல ஆகும். நான் பார்த்தது 15 மணி நேரம் கழிச்சு. அதாவது, பெட்டியில் சொன்னபடி டேப் நிறைஞ்சிருக்கவே முடியாது. ரெண்டு நிமிஷம் வகுத்துப் பார்த்திருந்தா அங்கேயே புரிஞ்சிருக்கும். மூணு செமஸ்டர் மேத்ஸ் படிச்சவனுக்கு அந்த வகுத்தல் தோணலை.

ரெண்டாவது டேப் புதன்கிழமை சாயங்காலமே நிறைஞ்சு போச்சு. ஸ்கிரீன் மூணாவது டேப் கேட்டுக்கிட்டே நின்னுது. மூணாவது டேப்பும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. ஆயுத பூஜை, விஜயதசமி, அப்படியே சனி, ஞாயிறு. லீவில் கரண்ட் ரெண்டு மூணு தடவை போய் வந்திருக்கு. ரெய்டு 5ல் ஒரு டிஸ்க் செத்துப் போச்சு. திங்கள்கிழமை புது டிஸ்க் போட்டு ரீபில்ட் ஓடும்போதே இன்னொண்ணும் போயிடுச்சு. ரெய்டு 5ல் ஒரு டிஸ்க் போனா தாங்கும், ரெண்டு போனா கதை முடிஞ்சுது.

டேப்பில் இருந்தது 5 டெராபைட் சொச்சம். லாக்கைத் திறந்து பார்த்தா கம்ப்ரெஷன் விகிதம் 1.01. ஃபோல்டர்கள் ஆங்கில அகரவரிசையில் ஏறியிருந்துச்சு. பாதிக்கு அப்புறம் இருந்த எதுவும் ஏறலை. போனதில் பெரும்பகுதி லெக்சர் வீடியோ. அது சார்களோட லேப்டாப்பிலும் யூடியூபிலும் இருந்துச்சு. ஆனா எம்.இ. படிக்கிற அக்கா ஒருத்தங்களோட ஃபோல்டரும் அந்தப் பாதியில்தான் இருந்துச்சு. கரும்பு இலை நோய்களைப் படத்தை வெச்சே கண்டுபிடிக்கிற ப்ராஜெக்ட். எட்டு மாசம் வயல் வயலா போய் எடுத்த போட்டோக்கள், ஒவ்வொண்ணுக்கும் என்ன நோய், எந்தக் கட்டம்னு கையால் எழுதின லேபிள். அவங்க என்னைத் திட்டலை. "நீ என்னடா பண்ணுவ, பெட்டியில அப்படித்தானே போட்டிருந்தான்"னு சொன்னாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

இப்போ உலகத்தில் ஓடுற டேப்பில் பெரும்பாலானது எல்.டி.ஓ. வகை. 2000ல் வந்த முதல் தலைமுறையில் ஒரு கார்ட்ரிட்ஜின் உண்மையான கொள்ளளவு 100 ஜிபி. பெட்டியில் 200ன்னு போட்டாங்க, 2க்கு 1 சுருங்கும்ங்கிற கணக்கில். 2010ல் ஐந்தாவது தலைமுறை: உண்மை 1.5 டெராபைட், பெட்டியில் 3. இதுவரைக்கும் எல்லாத்துக்கும் ரெண்டால் பெருக்கல். 2012ல் ஆறாவது தலைமுறை வந்தப்போ உண்மைக் கொள்ளளவு 2.5 டெராபைட். ரெண்டால் பெருக்கினா 5. ஆனா அந்தத் தலைமுறையில் இருந்து பெருக்குற எண்ணையே 2.5 ஆக்கிட்டாங்க. அதனால் பெட்டியில் 6.25. நாடாவில் இடம் ஒண்ணே முக்கால் மடங்கு கூட ஆகலை, பெட்டியில் இருக்கிற எண் ரெண்டு மடங்கைத் தாண்டிருச்சு. 2021ல் வந்த ஒன்பதாவது தலைமுறையில் உண்மை 18, பெட்டியில் 45. முன்னாடி போட்ட திட்டத்தில் அந்த 18ங்கிற எண் 24ஆ இருந்துச்சு, கடைசியில் 18 ஆச்சுங்கிறது தனிக் கதை.

பெருக்குற எண்ணை மாத்தினதுக்கு ஒரு காரணமும் சொல்றாங்க. அது முழுப் பொய் இல்லை. டேப் டிரைவுக்குள்ளேயே ஒரு கம்ப்ரெஷன் சிப் இருக்கு. 1977ல் லெம்பல், ஜிவ்னு ரெண்டு பேர் கொடுத்த யோசனைதான் அதுக்கு அடிப்படை. வர்ற டேட்டாவில் 'இதே மாதிரி கொஞ்சம் முன்னாடி வந்துச்சே'ன்னு திரும்பிப் பார்த்து, இருந்தா அதைத் திரும்ப எழுதாம 'இத்தனை பைட் பின்னாடி போய் இத்தனை பைட் எடுத்துக்கோ'ன்னு குறிப்பு எழுதும். பழைய டிரைவ்கள் திரும்பிப் பார்த்தது வெறும் 1 கிலோபைட் தூரம். ஆறாவது தலைமுறையில் அது 16 கிலோபைட் ஆச்சு. தூரம் கூடினா, திரும்ப வர்ற விஷயம் சிக்குற வாய்ப்பு கூடும். சரிதான். ஆனா நாம தினமும் போடுற சாதாரண ஜிப் ஃபைல் 32 கிலோபைட் தூரம் திரும்பிப் பார்க்கும். ஜிப்பே அசைக்க முடியாத ஃபைலை டேப் டிரைவ் மட்டும் 2.5 மடங்கு சுருக்கிடுமா? நம்பினோமே, அதைச் சொல்லணும்.

கம்ப்ரெஷன்னா என்னன்னு நமக்கு ஒரு தப்பான படம் மனசுல இருக்கு. பஞ்சு மூட்டையை அமுக்குற மாதிரி, இன்னும் கொஞ்சம் பலமா அமுக்கினா இன்னும் கொஞ்சம் சுருங்கும்னு. அது அமுக்கல் இல்லை. டேட்டாவில் ஏற்கனவே வீணா இருக்கிற கொழுப்பை எடுக்கிற வேலை. கொழுப்பு இருந்தாத்தான் எடுக்க முடியும்.

நம்ம தமிழையே எடுத்துக்குவோம். யு.டி.எஃப். 8ல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'அம்மா'ங்கிற சொல்லில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால்னு 5 குறி. ஆக 15 பைட். இந்த மூணு பைட்டில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒண்ணேதான். ரெண்டாவது பைட்டில் ரெண்டே ரெண்டு சாத்தியம். தமிழுக்கு யூனிகோடில் ஒதுக்கின மொத்த இடமே 128. அதைச் சொல்ல 7 பிட் போதும், நாம எழுதுறது 24 பிட். அப்போ தமிழ்க் கட்டுரை ஒண்ணை ஜிப் பண்ணினா நல்லா சுருங்கத்தானே செய்யும்? இந்த இதழோட பழைய கட்டுரைகள் எல்லாத்தையும் சேர்த்து சுருக்கிப் பாருங்க, அழகா இளைக்கும். அதில் ஜிப்போட திறமை பாதி, நம்ம என்கோடிங்கோட தாராளம் பாதி.

இப்போ அந்த ஜிப் ஃபைலையே மறுபடி ஜிப் பண்ணுங்க. ஃபர்ஸ்ட் இயரில் எல்லாரும் ஒரு தடவை பண்ணிப் பார்த்திருப்போம். சுருங்காது, சில பைட் கூடத்தான் செய்யும். ஜூஸ் கடையில் கரும்பை மடிச்சு ரெண்டாவது தடவை விடும்போது கொஞ்சம் சாறு வரும், மூணாவது தடவை சக்கைதான். நல்ல கம்ப்ரெஸ்ஸர்னா முதல் தடவையிலேயே சக்கையாக்கிடும்.

எங்க சர்வரில் இருந்தது எல்லாமே சக்கைதான். போட்டோ ஜேபெக், அதுவே ஒரு கம்ப்ரெஷன். வீடியோ எம்.பி. 4, அதுவும் அப்படியே. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வேர்டு ஃபைல், பவர்பாயிண்ட். இந்த நாலெழுத்து எக்ஸ்டென்ஷன் வெச்ச ஆபீஸ் ஃபைல் ஒவ்வொண்ணும் உள்ளுக்குள்ளே ஒரு ஜிப் ஃபைல்தான். சந்தேகம்னா பேரை மாத்தி ஜிப்பா திறந்து பாருங்க. ஆண்ட்ராய்டு ஆப் ஃபைலும் ஜிப். ஆக 2.5ன்னு பெட்டியில் போட்டவன் மனசுல இருந்த டேட்டா வேற, நம்மகிட்ட இருக்கிற டேட்டா வேற. 2000ல் ஒரு பேங்க்கோட டேட்டாபேஸ், லாக் ஃபைல், டெக்ஸ்ட் ரிப்போர்ட் இதையெல்லாம் டேப்பில் ஏத்தினா ரெண்டு மடங்கு என்ன, அதுக்கு மேலேயே சுருங்கியிருக்கலாம். 2025ல் ஒரு காலேஜ் சர்வரில் அப்படிப்பட்ட டேட்டா எத்தனை சதவீதம்?

இதைவிட நல்ல அல்காரிதம் வந்தா சரியாயிடும்னு சிலர் சொல்றாங்க. எங்க கிளாஸ்லயே ஒருத்தன் 'ஏஐ வெச்சு சுருக்கலாம்'னு சொன்னான். இங்கேதான் கணக்கு வந்து குறுக்கே நிக்குது.

3 பிட் நீளத்தில் எத்தனை ஃபைல் சாத்தியம்? 8. அதைவிடச் சின்ன ஃபைல் எத்தனை? 2 பிட்டில் 4, 1 பிட்டில் 2, காலி ஃபைல் 1. மொத்தம் 7. எட்டுப் பேர், ஏழு ரூம். ஆளுக்கு ஒரு ரூம்னா ஒருத்தன் வெளியேதான் நிப்பான். ரெண்டு பேரை ஒரே ரூமில் போட்டுடலாமேன்னா, திரும்ப விரிக்கும்போது யார் எவர்னு தெரியாது. 3 பிட் ஆனாலும் சரி, 3 டெராபைட் ஆனாலும் சரி, இந்தக் கணக்கு மாறாது. எல்லா ஃபைலையும் சுருக்குற அல்காரிதம்னு ஒண்ணு இருக்கவே முடியாது. இன்னும் கொஞ்சம் போனா பயமா இருக்கும். ஒரே நீளத்தில் சாத்தியமான ஃபைல்களில், குறைஞ்சது 10 பிட்டாவது சுருங்கக்கூடியது 512ல் ஒண்ணுக்கும் கம்மி. வெறும் 10 பிட்! பெட்டிக்காரன் கேட்கிறது ஐந்தில் மூணு பங்கு.

நம்ம ஃபைல்கள் ஓரளவு சுருங்குதுன்னா, அவை தற்செயலான பிட்டுகள் இல்லை, ஒரு ஒழுங்கோட இருக்குங்கிறதுதான் காரணம். அந்த ஒழுங்கு எவ்வளவுன்னு அளக்கிற முறையை 1948லயே கிளாட் ஷானன் கொடுத்துட்டார். என்ட்ரோபின்னு செகண்ட் இயரில் மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்தோமே, அதேதான். சராசரியா அதுக்குக் கீழே போக முடியாதுன்னு நிரூபிச்சதுதான் அவரோட சாதனை. அவருக்கு அப்புறம் வந்தவங்க எல்லாரும் அந்தத் தரையை எவ்வளவு நெருங்கலாம்னுதான் பார்த்தாங்களே தவிர, தரையைத் தோண்டலை.

இதில் மாணவர்கள் நாம பெருமைப்பட ஒரு கதை இருக்கு. 1951ல் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஃபானோ தன் கிளாஸில் ஒரு சலுகை கொடுத்தார். எண்ட் செமஸ்டர் எக்ஸாம் எழுதலாம், இல்லைன்னா ஒரு டேர்ம் பேப்பர் கொடுக்கலாம். பேப்பருக்கு அவர் கொடுத்த கேள்வி, மிகச் சிக்கனமான கோடை எப்படி உருவாக்குறது என்பது. அதுக்கு அவருக்கே விடை தெரியாதுங்கிறதை மட்டும் சொல்லலை. டேவிட் ஹஃப்மன்ங்கிற மாணவர் மாசக்கணக்கா முட்டி மோதி, விட்டுட்டு எக்ஸாமுக்கே படிக்கலாம்னு முடிவெடுத்த நேரத்தில் விடை பளிச்சிட்டுது. 1952ல் பேப்பரா வந்துச்சு. இன்னிக்கு ஜிப்பிலும் ஜேபெக்கிலும் இருக்கிறது அந்த ஹஃப்மன் கோடுதான். எழுத்துக்கு எழுத்து தனித்தனியா கோடு கொடுக்கிற வரைக்கும் இதைவிடச் சிக்கனமா யாராலும் பண்ண முடியாதுன்னு நிரூபணமும் உண்டு. எக்ஸாமுக்குப் பயந்து ஒருத்தர் கண்டுபிடிச்சதை எழுபது வருஷமா யாரும் தாண்டலை. அப்படி இருக்க, ஒரு அட்டைப் பெட்டி தாண்டிடுமா?

தாண்டிட்டேன்னு சொன்னவங்களும் உண்டு. நெதர்லாந்தில் யான் ஸ்லூட்னு ஒரு எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். ஒரு முழு சினிமாவை 8 கிலோபைட்டில் அடக்கிட்டேன்னு 1990களின் கடைசியில் சொன்னார். பெரிய பெரிய ஆட்கள் பணத்தோட வந்தாங்க. 1999ல், ஒப்பந்தம் முடிவாகப் போற நேரத்தில் அவர் மாரடைப்பில் இறந்துட்டார். அந்த ரகசியமும் கூடவே போயிடுச்சுன்னு இன்னிக்கும் யூடியூபில் வீடியோ போடுறாங்க. எனக்கு அதில் ரகசியமே இல்லைன்னுதான் தோணுது. 8 கிலோபைட்டில் ஒரு படத்தோட பேரை எழுதலாம், படத்தையே எழுத முடியாது. படம் வேற எங்கேயாவது இருந்தாகணும்.

இனி எதிர்வாதம். கட்டுரையைப் படிச்சுப் பார்த்த லேப் அண்ணன் கேட்டார்: "டிரைவில் கம்ப்ரெஷன் தானா ஓடுது, காசு கேட்கலை, சுருங்கினா லாபம், சுருங்கலைன்னா அப்படியே எழுதுது. இதுல உனக்கு என்னடா கோபம்?" நியாயமான கேள்வி. கம்ப்ரெஷனை ஆஃப் பண்ணச் சொல்லலை. ஓடட்டும். டேட்டாபேஸ் டம்ப் எடுக்கிறவங்களுக்கு 3 மடங்கு கூடக் கிடைக்கலாம், சந்தோஷம். என் கோபம் அது கிடைக்கும்னு முன்கூட்டியே கொள்ளளவில் சேர்த்து எழுதுறதில்தான். 18 சீட் வேனில் '45 பேர் போகலாம்'னு பெயிண்ட் அடிச்சு, பம்பருக்குப் பக்கத்தில் 'ஏறுகிறவர்கள் எல்.கே.ஜி. பிள்ளைகளாக இருந்தால்'னு எழுதினா ஆர்.டி.ஓ. சும்மா விடுவாரா? ஹார்ட் டிஸ்க் கம்பெனிக்காரன் இப்படிப் போடுறதில்லை. பென் டிரைவ்காரன் போடுறதில்லை. டேப்புக்கு மட்டும் ஏன் இந்தப் பழக்கம்?

பேக்கப் சாஃப்ட்வேரில் என்கிரிப்ஷனை ஆன் பண்ணினா கதை இன்னும் மோசம். என்கிரிப்ட் ஆன டேட்டா பார்வைக்கு வெறும் தற்செயல் பிட்டுகள், அதில் ஒழுங்கே இருக்காது. அதுக்கப்புறம் டிரைவுக்கு வந்தா ஒரு பைட் கூடக் குறையாது. நான்காவது தலைமுறையில் இருந்து எல்.டி.ஓ. டிரைவே முதலில் சுருக்கி, அப்புறம் என்கிரிப்ட் பண்ணுற வசதியோட வருது. அந்த வரிசையைத் தலைகீழா பண்ணினா நட்சத்திரக் குறி போட்ட எண் செத்துப் போச்சு.

இப்போ கொரியா. தீயில் நேரடியா அழிஞ்சது 96 சிஸ்டம். அதில் 'ஜி-டிரைவ்'னு ஒண்ணு, அரசு ஊழியர்கள் வேலை ஃபைல்களைச் சேமிக்கிற கிளவுட். ஆளுக்கு 30 ஜிபி. மொத்தம் 858 டெராபைட் சாம்பலாச்சு. வெளியே ஒரு காப்பி கூட இல்லை. சொல்லப்பட்ட காரணம், கொள்ளளவு ரொம்பப் பெரிசு, வேகம் கம்மியான ஸ்டோரேஜ், அதனால் வெளியே பேக்கப் எடுக்க முடியலை என்பது.

858 பெரிசா? ஒன்பதாவது தலைமுறை டேப், உண்மைக் கொள்ளளவு 18. கம்ப்ரெஷனை நம்பாமலே வகுத்தா 48 கார்ட்ரிட்ஜ். ஒவ்வொண்ணும் கால் கிலோவுக்கும் கம்மி. என் ஹாஸ்டல் டிரங்க் பெட்டியில் அடுக்கிடலாம். ரெண்டு காப்பின்னா ரெண்டு டிரங்க் பெட்டி. அந்த டிரைவ் விநாடிக்கு 400 மெகாபைட் எழுதும். ஒரு டேப் நிறைய 12.5 மணி நேரம். ஒரே டிரைவ்னா 25 நாள், நாலு டிரைவ்னா ஒரு வாரத்தில் முடியும். அதுக்கு அந்த ஸ்டோரேஜ் அந்த வேகத்தில் படிச்சுக் கொடுக்கணும், தினமும் மாறுறதைத் தனியா எடுக்கணும், இதெல்லாம் இருக்கு. சுலபம்னு சொல்லலை. ஆனா முடியாததுன்னு சொல்றதுக்கு 48ங்கிறது ரொம்பச் சின்ன எண். உண்மையான எண்ணை வெச்சு யோசிச்சா பிரச்சினையும் உண்மையான சைஸில் தெரியும். எங்க லேப்பில் நாங்க பிரச்சினையைச் சின்னதா பார்த்துக் கெட்டோம். அங்கே பெரிசா பார்த்துக் கெட்டாங்க.

டேப்பே பழைய குப்பைன்னு இதைப் படிச்சு முடிவு கட்டிடாதீங்க. 2011 பிப்ரவரி கடைசியில் ஜிமெயிலில் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் பிழையால் 0.02 சதவீதம் பேரோட மெயில் காணாமப் போச்சு. கூகுள் பல டேட்டா சென்டரில் காப்பி வெச்சிருந்தும், பிழை எல்லாக் காப்பியையும் தொட்டிருச்சு. திருப்பிக் கொண்டு வந்தது டேப்பில் இருந்து. டிரைவை விட்டு வெளியே அலமாரியில் உட்கார்ந்திருக்கிற நாடாவை எந்த பக்கும் தொட முடியாது. டேப் மேல எனக்கு மரியாதைதான், பெட்டி மேலதான் இல்லை.

அக்காவோட விஷயத்தில் இன்னொண்ணும் புரிஞ்சுது. அவங்க ஃபோல்டர் 240 ஜிபி. அதில் போட்டோக்களில் ஒரு பகுதி பழைய மெமரி கார்டில் இருந்து மீண்டுச்சு. மீளாதது லேபிள் ஃபைல். அது எவ்வளவு தெரியுமா? 3 மெகாபைட். வெறும் டெக்ஸ்ட், சுருக்கினா இன்னும் சின்னதாகும். எட்டு மாச வேலையில் ஈடு செய்யவே முடியாத பகுதி ஒரு வாட்ஸப் வீடியோ அளவுக்குக் கூட இல்லை. நாங்க என்னடான்னா யூடியூபில் ஏற்கனவே இருக்கிற லெக்சரை 5 டெராபைட்டுக்கு நாடாவில் ஏத்திட்டு, இதை வரிசையில் கடைசியில் நிக்க வெச்சோம், பேர் ஆங்கில அகரவரிசையில் பின்னாடி வருதுங்கிற ஒரே காரணத்துக்காக. டிரைவ் எவ்வளவு கெட்டிக்காரத்தனமா சுருக்கினாலும், எது முதல்ல போகணும்னு அதுக்குத் தெரியாது. அது எங்க வேலை, நாங்க செய்யலை.

டிபார்ட்மென்ட் மீட்டிங்கில் மாணவர் தரப்பில் எழுதிக் கொடுத்திருக்கோம். கொட்டேஷன் வாங்கும்போது கம்ப்ரெஷன் இல்லாத கொள்ளளவை மட்டும் ஒப்பிடணும். ஸ்காலர்களோட லேபிள், கோடு, நோட்ஸ் முதலில், வீடியோ கடைசியில். ஜாப் முடிஞ்சதும் எத்தனை ஃபைல் போகணும், எத்தனை போச்சுன்னு எண்ணிப் பார்த்து ஒருத்தர் கையெழுத்துப் போடணும், லீவு நாளா இருந்தாலும். மாசத்துக்கு ஒரு ஃபோல்டரையாவது டேப்பில் இருந்து திருப்பி எடுத்துப் பார்க்கணும். "பார்க்கலாம்"னு சொல்லியிருக்காங்க. கொட்டேஷன் மட்டும் இப்போதைக்கு மாறியிருக்கு: ரெண்டு டேப் இருந்த இடத்தில் அஞ்சு. ஆபீஸில் "ஏன்பா இத்தனை?"ன்னு கேட்டப்போ பெட்டியைத் திருப்பிக் காட்டினேன்.

அக்கா, நாலு மாசத்துக்கு முன்னாடி கைடுக்கு மெயிலில் அனுப்பின பழைய லேபிள் ஃபைலை வெச்சு மறுபடி ஆரம்பிச்சிருக்காங்க. மிச்சப் போட்டோவுக்கு ராத்திரியில் உட்கார்ந்து லேபிள் போட நாங்க நாலு பேர் போறோம். செவ்வழுகலுக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் வித்தியாசம் எனக்கு இன்னும் சரியா பிடிபடலை. முதல் நாள் போட்ட இருபதில் ஒன்பதை அவங்க திருத்தினாங்க.